முன் அளவு, பின் அளவு

ஜனவரி 8

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நான் சௌக்கியம். அங்கே நீங்கள், அண்ணன், வாலு மூவரும் சௌக்கியம்தானே? வாலுவுக்குச் சளி விட்டதா? மூன்று வயதுப் பிள்ளைக்கு இத்தனை வாய் ஆகாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை எடுத்தாலே அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து "என்னவாம், என்னவாம்" என்று தொணதொணப்பார். ஊர் உலகத்தில் நாத்தனாரும் அண்ணியும் பேசாமலிருக்கத்தான் காரணம் தேடுவார்கள். நாம் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொள்கிறோம்.

விஷயம் இதுதான். அண்ணனுடைய பேட்டரித் தொழிற்சாலையில் புது உலை வைத்தார்களே, அதை வைப்பதற்கு முன் ஒரு தடவையும், வைத்து ஆறு மாதம் கழித்து ஒரு தடவையும் வார்ப்புக் கூடத்து ஆட்கள் நாற்பது பேருக்கு ரத்தம் எடுத்தார்கள் அல்லவா? ஈயம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க. அந்த அளவுகள் எங்கள் ஆய்வு நிலையத்துக்குத்தான் வந்தன, அதிலும் என் மேசைக்கு. பெயர் கிடையாது, ஒன்று முதல் நாற்பது வரை எண் மட்டும். அதில் அண்ணன் எந்த எண் என்று எனக்குத் தெரியாது. அண்ணன் அங்கே வேலை செய்கிறார் என்று நானும் இங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை. விட்டால் வேலையைப் பிடுங்கி வேறு யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள்.

மென்பொருளில் இரண்டு பத்தி போட்டேன். ஒன்றுக்கு 'முன்', மற்றதற்கு 'பின்' என்று பெயர். சராசரி பார்த்தால் முன் இருபத்து நான்கு, பின் இருபத்தேழு. மூன்று ஏறியிருக்கிறதே என்று பதறினேன். ஆனால் அந்த மூன்று நிஜமான ஏற்றமா, இல்லை ஆளுக்கு ஆள் இருக்கிற வேறுபாட்டில் தற்செயலாக வந்ததா என்று சொல்லத்தான் டி-டெஸ்ட் என்று ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் கடைசியில் 'பி' என்று ஒரு எண்ணைத் துப்பும். அது 0.05-க்குக் கீழே போனால் பயப்பட வேண்டும். அழுத்தினேன். 0.18 என்று வந்தது. உடனே அறிக்கைத் தாளைத் திறந்தேன்.

'உலையால் மாற்றம் ஏற்பட்டதாகச் சொல்ல ஆதாரம் இல்லை' என்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டேன். நிம்மதியாக இருங்கள்.

பதில் போடுங்கள்.
உங்கள் நாத்தனார்


ஜனவரி 19

அன்புள்ள கணக்குப் புலிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகம் எப்படி? அந்த விடுதிச் சாப்பாட்டில் இன்னும் இளைக்காமல் இருக்கிறாயா?

உன் கடிதம் வந்த அன்றுதான் தொழிற்சாலையிலும் அறிவிப்பு ஒட்டினார்களாம். உன் அண்ணன் வந்து சொன்னார், நான் ஏற்கெனவே தெரிந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். என் நாத்தனார் எழுதிய அறிக்கை என்று தெரு முழுக்கச் சொல்ல வாய் துடித்தது. நீயே மூச்சு விடவில்லை என்றதால் நானும் விடவில்லை.

ஒரே ஒரு மாற்றம். சோதனை முடிவு வரும்வரை வேலைச் சட்டையை அங்கேயே கழற்றி அங்கேயே துவைக்க ஏற்பாடு செய்திருந்தார்கள் அல்லவா? பயம் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டதால் அந்தச் சலவைக் கூடத்தை மூடிவிட்டார்கள். குளியலறையையும் பூட்டியாயிற்று. பழையபடி சட்டை வீட்டுக்கு வருகிறது. எனக்கு ஒரு வாளி வேலை கூடியதுதான் உன் புலமையால் கிடைத்த பலன். வாலுவுக்கு மட்டும் கொண்டாட்டம். அப்பா வாசலில் கால் வைக்கும் முன்பே ஓடிப்போய்த் தொற்றிக்கொள்கிறாள். சட்டைக் காலரைச் சப்புகிற பழக்கம் வேறு. அதட்டினாலும் விடமாட்டேன் என்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அண்ணி


ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆசை.

எங்கள் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். அவருக்கு இங்கே 'தசமம் சார்' என்று பெயர். புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம் இல்லாவிட்டால் தாளை முகத்துக்கு நேரே நீட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவார். அவரே "சுத்தமா இருக்கும்மா அறிக்கை" என்றார். மார்ச்சில் என் வேலை நிரந்தரம் ஆகலாம் என்கிறார்கள். இன்னும் காகிதம் கைக்கு வரவில்லை, அதற்குள் யாரிடமும் சொல்லாதீர்கள்.

அண்ணன் எப்படி இருக்கிறார்? போன வாரம் போனில் அவர் குரல் சோர்ந்திருந்தது. வயிற்று வலி என்றார். கண்டதைத் தின்றிருப்பார்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 14

அன்புள்ள கணக்குப் புலிக்கு,

நான் நலம். வாலு நலம் என்று எழுத முடியவில்லை, ஒரு வாரமாகச் சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்புகிறாள். வயிற்றில் பூச்சியோ என்னவோ.

உன் அண்ணனைப் பற்றிக் கேட்டாய். கண்டதைத் தின்னவில்லை. தின்னவே இல்லை, அதுதான் சங்கடம். வயிறு பிடித்து இழுக்கிறது என்கிறார். டம்ளரைக் கையில் கொடுத்தால் நழுவி விழுகிறது. தொட்டதற்கெல்லாம் கோபம். நேற்று மருத்துவரிடம் போகலாம் என்றேன். "எதுக்கு? நம்ம கூடத்துல எத்தனை பேரு இருக்கான் பாரு, அவனுங்களை விட நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

நானும் விடவில்லை. "அவங்களோட உங்களை எதுக்கு ஒப்பிடணும்? அவங்கவங்க உடம்பு அவங்கவங்களுக்கு. போன வருஷம் நீங்க எப்படி இருந்தீங்க, இப்ப எப்படி இருக்கீங்க, அதைப் பாருங்க. போன வருஷம் வாலுவைத் தோள்ல வச்சுக்கிட்டு மூணு மாடி ஏறினீங்க. இப்ப வெறும் ஆளா ஏறி ரெண்டாவது மாடியில உட்கார்ந்துடறீங்க" என்றேன். வாயை மூடிக்கொண்டார். உன் அண்ணன் வாயை மூடவைப்பது எவ்வளவு பெரிய சாதனை என்று உனக்குத் தெரியும்.

நிரந்தரம் ஆனதும் எழுது. யாரிடமும் சொல்லவில்லை.

உன் அண்ணி


பிப்ரவரி 20

அண்ணிக்கு,

நலம்தானே?

அவசரமாக எழுதுகிறேன். அண்ணனுடைய வேலைச் சட்டையை இனி மற்றத் துணியோடு சேர்க்க வேண்டாம். தனி வாளி. துவைக்கும்போது உதறாதீர்கள், அப்படியே நனைத்துவிடுங்கள். துவைத்த பிறகு உங்கள் கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அண்ணன் வாசலிலேயே சட்டையை மாற்றிக் குளித்துவிட்டுத்தான் வாலுவைத் தூக்க வேண்டும். வீட்டைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வாலு காலரைச் சப்பவே கூடாது.

ஒரு புத்தகத்தில் படித்தேன், அதனால்தான்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 1

அன்புள்ள கணக்குப் புலிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? உன் கடிதத்தைப் படித்தால் நீதான் காய்ச்சலில் படுத்திருப்பவள் மாதிரி இருந்தது.

என்ன புத்தகம் அது? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நீயே பயம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நீயே வாளியைப் பிரி என்கிறாய். உன் அண்ணனிடம் வாசலில் சட்டையைக் கழற்றச் சொன்னேன். "தெருவே பார்க்குதுடி, எனக்கு என்ன தொத்து நோயா" என்று கத்தினார். வாலு பயந்து அழுதாள். இருந்தாலும் கழற்றினார்.

நீ சொன்னதெல்லாம் செய்கிறேன். ஏன் என்று மட்டும் சொல். உன் கடிதத்தில் ஒரு வரி கேலி இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் அண்ணி


மார்ச் 12

நாத்தனாருக்கு,

நலமா? போன கடிதம் கிடைத்ததா? போன் செய்தேன், வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிட்டாய். வாலு தினமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அவள் பேச்சும் குறைந்துவிட்ட மாதிரி இருக்கிறது. தயவுசெய்து ஒரு வரியாவது எழுது.

அண்ணி


மார்ச் 24

அண்ணிக்கு,

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நான் தப்பான சோதனையை ஓட்டிவிட்டேன்.

மென்பொருளில் டி-டெஸ்ட் என்று போனால் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில தேர்வுகள் இருக்கும். ஒன்று, சம்பந்தமே இல்லாத இரண்டு கூட்டத்தை ஒப்பிட. அதற்கு அடுத்தது, அதே ஆட்களுக்கு இரண்டு தடவை எடுத்த அளவை ஒப்பிட. இது அதே நாற்பது பேருக்கு இரண்டு தடவை எடுத்தது. நான் இரண்டாவதைத் தேர்ந்திருக்க வேண்டும். முதலாவதைத் தேர்ந்தேன். 'முன்' நாற்பது பேர் யாரோ, 'பின்' நாற்பது பேர் வேறு யாரோ என்று மென்பொருள் எடுத்துக்கொண்டது. ஒருவருக்குப் பத்து, ஒருவருக்கு நாற்பத்தைந்து என்று ஆளுக்கு ஆள் அத்தனை வேறுபாடு இருந்ததால், அந்த மூன்று அதில் மூழ்கிப்போனது.

நீங்கள் அண்ணனிடம் சொன்னீர்களே, போன வருடத்து உங்களோடு உங்களை ஒப்பிடுங்கள் என்று. அந்த வரியைச் சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். மேசைக்குப் போய் அதே தாளைத் திறந்து ஒவ்வொருவரையும் அவரவரோடு ஒப்பிட்டு ஓட்டினேன். 'பி' இருக்கும் இடத்தில் 0.000 என்று வந்தது. மென்பொருளில் மூன்று இலக்கத்துக்குள் அடங்காத அளவுக்குச் சின்ன எண் என்று அர்த்தம். நாற்பது பேரில் முப்பத்தொரு பேருக்கு ஏறியிருக்கிறது.

எனக்குப் பாடம் தெரியாமல் இல்லை, அண்ணி. எந்தத் தேர்வு எதற்கு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு எனக்கு ஒரே எண்ணம், அண்ணனுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. நல்ல எண் வந்ததும் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதுவே 0.01 என்று வந்திருந்தால் பத்துத் தடவை சரிபார்த்திருப்பேன்.

தெரிந்தது பிப்ரவரி 19-ஆம் தேதி. மறுநாள்தான் உங்களுக்கு வாளியைப் பற்றி எழுதினேன். தசமம் சாரிடம் சொல்லவில்லை. மார்ச் 15-ல் நிரந்தரக் காகிதம் வரவேண்டி இருந்தது, அதற்காகக் காத்திருந்தேன். வந்தது. இதை எழுதும்போது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நேற்றுதான் அவரிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, "போன அறிக்கை போனதுதான். இப்ப நாமளே தப்புன்னு சொன்னா, இதுக்கு முன்னாடி குடுத்ததையெல்லாம் தோண்டுவாங்க. அடுத்த வருஷச் சோதனையில சரியான எண் வரும், அப்ப பார்த்துக்கலாம்" என்றார். அடுத்த வருடம் வரைக்கும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வழியில் யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் தூக்கிவாரிப் போடுகிறது.

வாலுவுக்கு உடனே ரத்தம் பாருங்கள். ஈயம் பார்க்க வேண்டும் என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அண்ணனையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். காரணம் மட்டும் இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நாத்தனார்


ஏப்ரல் 6

நாத்தனாருக்கு,

வாலுவுக்கு ரத்தம் எடுத்தார்கள். நானும் செவிலியும் சேர்ந்து பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பத்தொன்பது என்று வந்திருக்கிறது. "இந்த வயசுக்கு அஞ்சைத் தாண்டினாலே நாங்க கவலைப்படுவோம்" என்றார் மருத்துவர். முதலில் தூசியை நிறுத்துங்கள், சத்துமருந்து தருகிறேன், மே பத்தாம் தேதி மறுபடியும் எடுப்போம் என்றார். இன்னும் ஏறினால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமாம். உன் அண்ணனுக்கு முப்பத்தெட்டு. அவர் தன் எண்ணைக் காதில் வாங்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததிலிருந்து பிள்ளையைத் தொடமாட்டேன் என்று எட்டி நிற்கிறார். அவள் அப்பா, அப்பா என்று கையை நீட்டிக்கொண்டு அழுகிறாள்.

சொல்லாதே என்று எழுதினாய். நான் ஐந்து வாரமாகத் தனி வாளியில் துவைத்தேன். அடுத்த வீட்டுக்காரியின் கணவரும் அதே வார்ப்புக் கூடத்து ஆள்; அவள் ஒரே வாளியில்தான் துவைக்கிறாள், அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது. என் கொடிக்கும் அவள் கொடிக்கும் நடுவில் இரண்டு முழம் இடைவெளி. தினமும் அவள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியவள் நான், நீ இல்லை.

அதனால் சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லி, பிறகு படிப்படியாக ஏறி இறங்கி வார்ப்புக் கூடத்து ஆட்கள் எல்லோர் வீட்டிலும் சொன்னேன். யார் எழுதிய அறிக்கை என்பதையும் சொன்னேன். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தி, "உங்க வீட்டுப் பொண்ணா பண்ணினது" என்று கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஆட்கள் நிர்வாகத்திடம் போனார்கள். "ஆய்வு நிலையம் எழுத்துல குடுத்திருக்கு. நீங்க வாயால சொல்றதை வச்சுச் சலவைக் கூடத்தைத் திறக்க முடியாது" என்றார்களாம். ஆகவே எழுத்தில் வேண்டும். உன் கையெழுத்தோடு வேண்டும்.

இன்னொன்று. ஒவ்வொருவரையும் அவரவரோடு ஒப்பிட வேண்டும் என்று அவ்வளவு விளக்கமாக எழுதியிருந்தாயே. என் பிள்ளையை எதோடு ஒப்பிடுவாய்? சலவைக் கூடத்தை மூடுவதற்கு முன் அவள் ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்று யாருக்கும் தெரியாது. உன் தவற்றால் எவ்வளவு ஏறியது, நீ தெரிந்தும் சொல்லாமல் வைத்திருந்த ஐந்து வாரத்தில் எவ்வளவு ஏறியது என்று எந்தக் கணக்கைப் போட்டு எனக்குச் சொல்வாய்?

அண்ணி


ஏப்ரல் 11

அண்ணிக்கு,

நலமா என்று கேட்கவில்லை. பத்தொன்பது என்ற எண்ணைப் படித்ததிலிருந்து நான் வேறு எதுவும் படிக்கவில்லை.

இதோடு இருக்கிற இரண்டு தாள்தான் திருத்திய அறிக்கை. எந்தத் தேர்வைத் தப்பாகப் போட்டேன், சரியானதைப் போட்டால் என்ன வருகிறது, எந்தத் தேதியில் எனக்குத் தெரிந்தது, எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், என் அண்ணன் அங்கே வேலை செய்வதை மறைத்தது எல்லாமே அதில் இருக்கிறது. நிலையத்தின் இயக்குநருக்கு ஒன்று, தொழிற்சாலை நிர்வாகத்துக்கு ஒன்று, தொழிலாளர் நல அலுவலகத்துக்கு ஒன்று நேற்றே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இது உங்களுக்கு. எத்தனை வீட்டில் கேட்டாலும் நகல் எடுத்துக் கொடுங்கள்.

இன்று காலை தசமம் சார் என் மேசைக்கே வந்தார். எல்லோர் எதிரிலும், "அண்ணன் அங்க இருக்கார்னு மறைச்சீங்க, தப்பா ஓட்டினீங்க, இப்ப நிலையத்தையே தெருவுல நிறுத்திட்டீங்க" என்றார். முதல் இரண்டும் உண்மைதான். அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை உள்ளே வரக் கூடாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் என்னிடம் இல்லை. இரண்டு நாளாக அதையே போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். வாலுவுக்கு முந்தைய அளவு இல்லை, இனிமேல் யாராலும் அதை எடுக்கவும் முடியாது. என்னால் எவ்வளவு ஏறியது என்று உங்களுக்கு நான் ஒருநாளும் சொல்ல முடியாது, எனக்கும் தெரியாமலேதான் போகும். கொஞ்சமாகத்தான் இருக்கும் என்று ஒரு மனது சமாதானம் சொல்கிறது. சமாதானமாக இருக்கிற எண்ணை நம்பித்தான் இத்தனையும் நடந்தது, அதனால் நம்ப மறுக்கிறேன்.

மே பத்தாம் தேதி ரத்தம் எடுக்கும்போது நான் அங்கே இருக்க அனுமதி தாருங்கள். வீட்டுக்குள் வரச் சொல்ல வேண்டாம், மருத்துவமனை வாசலில் நிற்கிறேன். அந்த எண் பத்தொன்பதைவிடக் குறைந்திருக்கும் என்று உங்களுக்குத் தைரியம் எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். குறையுமா என்று எனக்குத் தெரியவில்லை, அண்ணி. பயமாக இருக்கிறது.

உங்கள் நாத்தனார்